பதினாறு ஜிபி காடு

போலுங்கர்விக்கில் மரமே இல்லை என்று சொன்னால் பொய்.
தேவாலயத்துக்குப் பின்னால் மூன்று நிற்கின்றன,
இடுப்புயரத்தில்,
காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அதனால்தான் நட்டேன்.
வாள் தூக்கித் திரியும் பழைய விளையாட்டொன்றில்
யார் யாரோ செய்துவைத்த மோட்களை
ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, நானூற்றுப் பன்னிரண்டு.
பூர்ச்ச மரங்கள் ஒரு கோப்பு,
பட்டையில் பாசி இன்னொன்று,
மழைக்குப்பின் மினுங்கும் வேர்கள் தனியாக.
இலைக்கு நரம்பு. நரம்புக்கு நிழல்.

என் பழைய கார்டு, ஆறு ஜிபி,
காட்டின் வாசல்வரை கூடவே வரும்.
முதல் காற்று அடித்ததும்
திக்கும்.
என் கால் அந்தரத்தில், மான் அந்தரத்தில்,
பிறகு இருவரும் ஒரே தாவலில் வேறெங்கோ இருப்போம்.
பாறையெல்லாம் களிமண்ணாய்க் குழைந்திருக்கும்.

இரண்டு வாரம் இரண்டு கார்டுகளோடு தூங்கி எழுந்தேன்.
ஒன்று புதிது. பறக்கும். மின்சாரம் சிக்கனம்.
எட்டு ஜிபி.
மற்றது கோபவோகுரில் ஸ்டெய்ந்தோர் என்பவர் விற்பது,
இரண்டு தலைமுறை பழசு, மூன்று விசிறி,
அதில் ஒன்று கரகரக்கும் என்று அவரே சொல்லிவிட்டார்.
பதினாறு.

மீன் ஆலையில் கத்தி பிடிக்கும் ஸிக்முன்ட்,
போலந்துக்காரர், சீட்டுகூட ஆடாதவர்,
இடைவேளையில் கேட்டார்:
வேகமானதை விட்டுவிட்டு யாராவது பழசை வாங்குவார்களா?
நிமிடத்துக்கு எத்தனை மீன் அறுப்பீர்கள் என்றேன்.
சொன்னார், கொஞ்சம் கூட்டியே.
தொட்டி நிரம்பினால்?
நிற்பேன்.
எதுவரை?
ஃபோர்க்லிஃப்ட் வரும்வரை.
அவ்வளவுதான், என்றேன்.
அவர் தன் காப்பிக் கோப்பையின் விளிம்பைப் பார்த்தார்.

நினைவகம் என்று பேர்தான் பெரிது.
அது எதையும் நினைப்பதில்லை.
கொள்ளுமட்டும் கொள்ளும்.
மீறினால் காட்டின் ஒரு துண்டைத் தூக்கி
தூரத்து அறையில் போட்டுவிட்டு
நீ திரும்பிப் பார்க்கும்போது ஓடிப்போய் எடுத்துவரும்.
அந்த ஓட்டம்தான் திக்கல்.

அறுபத்திரண்டாயிரம் குரோனா.
கம்பளிச் சட்டையில் சுற்றிய கார்டு
பனிப்புயலுக்கு நான்கு நாள் காத்திருந்து
சுரங்கப்பாதை வழியாக வந்தது.
பெட்டிக்குள் நுழையவில்லை.
பதினொரு மில்லிமீட்டர் நீளம் அதிகம்.
அதை மட்டும் நான் அளக்கவே இல்லை.
படகுக் கொட்டகையில் இரும்பறுக்கும் இயந்திரத்தை வாங்கி
பெட்டியின் உள்கூண்டை அறுத்தேன், தீப்பொறி பறக்க,
பட்டுத் துணியால் தூசி துடைத்தேன்.

நுழைந்தேன்.

ஒரு மணி நேரம் நடந்தேன்.
காற்று அடித்தது, ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் திரும்பியது.
மான் மானாகவே ஓடியது.
மூலையில் சின்ன எண்: பதினான்கு புள்ளி மூன்று.
இன்னும் இடம் இருந்தது.

பிறகு எனக்கு மூச்சு முட்டியது.
எந்தப் பக்கம் திரும்பினாலும் மரம்.
மழை எங்கிருந்து வரப்போகிறதென்று தெரியவில்லை.
பிறந்ததிலிருந்து கண்ணுக்கு ஒரு நேர்கோடு பழக்கம்,
மேலே மேகம், கீழே தண்ணீர்,
நடுவில் சாம்பல்.

எடிட்டரைத் திறந்தேன்.
மேற்குப் பக்கம் ஏழு பூர்ச்சங்களை
ஒவ்வொன்றாகத் தொட்டு அழித்தேன்.
எட்டாவதற்கு மனம் வரவில்லை,
அதில் பாசி அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது.

இடைவெளியில், வெகு தூரத்தில்,
இங்கே நின்று யாரும் பார்ப்பார்களென்று
விளையாட்டைச் செய்தவர்களே நினைத்திராத,
எந்த மோடும் தொடாத,
கட்டம் கட்டமாய் மங்கிய கடல்.

எண் ஒரு புள்ளி இறங்கியது.
கரகரக்கும் விசிறி நின்று,
யோசித்து,
மறுபடி கரகரத்தது.